வாய்க்கால் கரையில் லாரி ஓட வேண்டாம்: அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

மேட்டூர் கிழக்குக் கரை வாய்க்காலின் கரைத் தடத்தில், பூலாம்பட்டிக்கும் தேவூருக்கும் நடுவே ஒரு பகுதியில், அளவுக்கல் நட்டுச் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எதற்கு என்று கேட்டோம். தடத்தை அகலப்படுத்தித் தார் போட்டு இணைப்புச் சாலை ஆக்கப் போகிறோம், மெயின் ரோட்டில் ஓடும் லாரிகளில் ஒரு பங்கை இந்தப் பக்கம் திருப்பிவிடலாம் என்று பதில் வந்தது. கரையோரத்து ஊர்களில் யாரையும் கூப்பிட்டுப் பேசவில்லை. ஊராட்சி அலுவலகத்தில் ஓர் அறிவிப்புகூட ஒட்டவில்லை. கல் நட்ட பிறகுதான் எங்களுக்கே தெரியும். அதனால் இதை மனுவாக உள்ளே கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் எடப்பாடியில் விசைத்தறி ஓட்டுகிறவன். ஷிஃப்ட் முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கரைக்குப் போவது பல வருடப் பழக்கம். தறிச்சத்தம் காதில் இரைந்துகொண்டே இருக்கும். கரையில் நாலு மதகு தாண்டினால்தான் அடங்கும். எங்கள் தெருவிலேயே இன்னும் சிலர் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் அகலமான டயர் போட்ட சைக்கிளோடு வரும் இளைஞர்களும் உண்டு. ஆனால் இந்தக் கடிதம் பொழுதுபோக்குக்காக ஓட்டுகிறவர்களுக்கு மட்டுமானது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தடத்தை நம்பி இருப்பவர்களில் நாங்கள் ஒரு சிறு பகுதி.

வாய்க்காலைப் பற்றி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மேட்டூர் அணையிலிருந்து கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என்று பிரியும் இரண்டு வாய்க்கால்களும் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. கிழக்குக் கரையின் பங்கு 27,000 ஏக்கர். அணையில் இருப்பு இருந்தால் ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை 137 நாள் தண்ணீர் ஓடும். டெல்டாவுக்காக ஜூன் 12-இல் அணை திறப்பது பத்திரிகைகளில் பெரிய செய்தியாக வரும். எங்களுக்கு ஆகஸ்ட் 1 தான் பெரிய நாள். அன்றைக்குக் கரையில் நின்று பார்த்தால், காய்ந்து கிடந்த வாய்க்காலில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு முதல் தண்ணீர் வரும். கூடவே பிள்ளைகள் ஓடி வருவார்கள்.

தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதற்காக வாய்க்காலை மட்டம் பார்த்து வெட்டியிருக்கிறார்கள். மேடு வந்தால் சுற்றிப்போகும், பள்ளம் வந்தால் மேலே தாங்கிக்கொண்டு போகும். அதனால் கூடவே போகும் கரைத் தடத்திலும் ஏற்றம் இறக்கம் கிடையாது. சைக்கிளுக்கு இதைவிட நல்ல அமைப்பை யாரும் புதிதாகத் திட்டம் போட்டு உருவாக்க முடியாது. அறுபது வயதுக்காரரும் பத்து வயதுப் பிள்ளையும் பேசிக்கொண்டே ஒன்றாக மிதிக்கலாம். கிராவல் மண் கொட்டி உருட்டிய தடம். சிறுகல் கலந்த செம்மண் என்பதால் மழைக்குக் களியாகிச் சக்கரத்தில் அப்புவதில்லை. 40 மில்லிமீட்டர் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டால் கைக்கு அதிர்வே தெரியாது. அவ்வளவு செலவு செய்ய முடியாதவர்கள் பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிளிலேயே போகிறார்கள், நன்றாகத்தான் ஓடுகிறது.

இந்தத் தடத்தில் போனால் ஒரு வருடம் முழுக்கக் கண்ணால் பார்க்கலாம். ஆகஸ்ட், செப்டம்பரில் நாற்றங்கால், நடவு. கொக்கும் மடையானும் ஏர் போன வழியே நடந்து வரும். தண்ணீர் நிற்கும் டிசம்பரில் கதிர் முற்றி வரப்பெல்லாம் நெல் வாசனை. தை பிறக்கும் முன்பே பூலாம்பட்டிப் பக்கம் செங்கரும்பு வெட்டிக் கட்டுக்கட்டாக அடுக்கியிருப்பார்கள். அப்புறம் மஞ்சள் வேக வைக்கும் புகை. வாழை வருடம் முழுக்க உண்டு. மேட்டு நிலத்தில் குச்சிக்கிழங்கும் நிலக்கடலையும். வெயில் நாற்பது டிகிரியைத் தொடும் சித்திரையிலும் கரையோரப் புளியமரமும் வேம்பும் இருக்கிற இடத்தில் காற்று வரும். மின்கம்பியில் பனங்காடை உட்கார்ந்திருக்கும், சைக்கிள் கிட்டே போகும்வரை பறக்காது. பைக் சத்தம் கேட்டால் தூரத்திலேயே எழும்பிவிடும்.

பூலாம்பட்டியில் கரையிலிருந்து இறங்கி ஆற்றுக்குப் போனால் விசைப்படகு இருக்கிறது. சைக்கிளை ஏற்றிக்கொண்டு அக்கரையில் நெருஞ்சிப்பேட்டையில் இறங்கலாம். அது ஈரோடு மாவட்டம். இன்னும் கீழே போனால் கோனேரிப்பட்டிக் கதவணை, அதற்கப்பால் கல்வடங்கத்து அங்காளம்மன் கோயில். சேர்வராயன் மலையில் பிறந்து ஓமலூர், தாரமங்கலம், எடப்பாடி என்று சுற்றி வரும் சரபங்கா காவிரியில் சேர்வதும் இந்தத் தேவூர்ப் பக்கம்தான். ஒரு நாள் காலையில் கிளம்பினால், ஹாரன் சத்தம் கேட்காமல் இத்தனையும் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். சேலம் மாவட்டத்தில் இப்படிச் சொல்லக்கூடிய வேறு எத்தனை வழி மிச்சம் இருக்கிறது?

சரி, அழகை விடுங்கள். பிழைப்புக்கு வருகிறேன்.

விடியற்காலையில் பால் கேன் கட்டிய சைக்கிள்கள் இந்தக் கரையில்தான் சொசைட்டிக்குப் போகின்றன. நடவுக்கும் களைக்கும் போகும் பெண்கள் தூக்குப்போசியோடு நடந்து போவது இதில்தான். ஆடு மேய்க்கிற பாட்டிகள் பகல் முழுக்க இங்கேதான் இருக்கிறார்கள். சர்க்கரை வியாதிக்கு நடக்கச் சொன்ன டாக்டரின் பேச்சைக் கேட்டு மாலையில் நடக்கிறவர்கள் பலர். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் காலையும் மாலையும் கூட்டமாகப் போவார்கள், மூன்று நாலு சைக்கிள் பக்கத்தில் பக்கத்தில், தடத்தையே அடைத்துக்கொண்டு. அப்படிப் பேசிக்கொண்டு ஓட்டுவதற்கு மெயின் ரோட்டில் இடம் கிடையாது. முன்பெல்லாம் வாய்க்காலைக் கண்காணிக்கும் உங்கள் துறை ஊழியரான லஸ்கரே சைக்கிளில்தான் கரையைச் சுற்றி வருவார். எந்த மதகில் கசிவு, எந்தக் கரையில் எலிவளை என்பது அவருக்கு மனப்பாடம். வேகமாகப் போகிற வண்டியிலிருந்து பார்த்தால் எலிவளை கண்ணில் படாது.

மெயின் ரோட்டில் என்ன நடக்கிறது என்பதை என் வீட்டிலிருந்தே சொல்கிறேன். என் அக்கா மகன் பிளஸ் ஒன் படிக்கும்போது, பள்ளியில் கொடுத்த சைக்கிளில் ரோட்டோரமாகத்தான் போய்க்கொண்டிருந்தான். முன்னால் போன பஸ்ஸை முந்தப் பார்த்த டிப்பர் லாரி, எதிரில் வண்டி வந்ததும் இடது பக்கம் ஒடித்தது. தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, கம்பி வைத்து, அந்த வருடப் படிப்பு போயிற்று. அக்கா நகையும் போயிற்று. லாரி யாருடையது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த ரோட்டில் சைக்கிளுக்கென்று ஓர் அடிகூட ஒதுக்கவில்லை. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருப்பது மண்ணும் பள்ளமும்தான். அந்த விபத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் ஒரு பழக்கம் வந்தது. தூரம் கூடினாலும் பரவாயில்லை, பிள்ளைகள் கரை வழியாகத்தான் போக வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். காலையில் கால்மணி நேரம் முன்னதாகக் கிளப்பி விடுகிறார்கள். அக்கா மகனும் இப்போது வேலைக்கு அந்த வழியில்தான் போகிறான்.

இப்போது அந்த டிப்பரையே கரைக்கு அனுப்பப் போகிறீர்கள்.

2022-இல் நாட்டிலேயே அதிகமான சாலை விபத்துகள் நடந்தது தமிழ்நாட்டில்: 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். மத்திய அரசு வெளியிட்ட கணக்கு இது. நடந்து போகிறவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் அதில் இருக்கிறார்கள். நான்குவழிச் சாலையும் ஆறுவழிச் சாலையும் மேம்பாலமும் போட்டு நம்மால் இதைத் தடுக்க முடியவில்லை. லாரி இல்லாத ஒரு தடம் ஏற்கெனவே இருக்கிறது, நிலம் எடுக்க வேண்டாம், யாருக்கும் இழப்பீடு தர வேண்டாம். அதைக் கெடுக்காமல் இருந்தாலே போதும் என்றுதான் கேட்கிறோம்.

தார் போட்டால் கரை பலப்படும் என்று அளக்க வந்தவர்களில் ஒருவர் சொன்னார். பொறியாளர்களான நீங்கள் அதை ஏற்கிறீர்களா? மூன்று அச்சு டிப்பருக்கு 2018-க்குப் பிறகு சட்டம் அனுமதிக்கும் மொத்த எடை 28.5 டன், பின்பக்க இரட்டை அச்சில் மட்டும் 21 டன் இறங்கும். அளவுக்கு மேல் ஏற்றுவதைக் கணக்கில் சேர்க்காமலே இவ்வளவு. அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனையிலிருந்து உலகம் முழுக்கப் பொறியாளர்கள் எடுத்துக்கொண்ட கணக்கு ஒன்று உண்டு: அச்சின் எடை இரட்டிப்பானால் சாலைக்கு வரும் சேதம் கிட்டத்தட்ட பதினாறு மடங்கு. சைக்கிளும் ஆளும் சேர்ந்து 90 கிலோ. நாங்கள் காலம் முழுக்க ஓட்டினாலும் கரைக்கு ஒன்றும் ஆகாது. இரவில் திருட்டுத்தனமாகக் கிராவல் மண் ஏற்றிக்கொண்டு கரை வழியாகப் போகும் லாரிகள் செய்திருப்பதை நீங்களே வந்து பார்க்கலாம். மதகுத் தலைப்பில் கான்கிரீட் உடைந்து கம்பி தெரிகிறது. வளைவுகளில் வெளி ஓரம் சரிந்திருக்கிறது. சக்கரம் புதைந்த பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்று கரைக்குள் இறங்குகிறது.

இது மண் கரை. வருடத்தில் நாலரை மாதம் ஒரு பக்கம் தண்ணீரில் ஊறி நிற்கிறது. ஊறிய கரையின் விளிம்பில் பாரம் ஏறினால் முதலில் கோடு போல வெடிப்பு விழும், அப்புறம் சரியும். நடவு முடிந்து பயிர் வேர் பிடிக்கும் நேரத்தில் கரை உடைந்தால் கீழே இருக்கிற வயலுக்கு ஒரு கஷ்டம், கடைமடைக்கு இன்னொரு கஷ்டம். உடைப்பை அடைக்கும்வரை தண்ணீரை நிறுத்துவீர்கள். கடைமடைக்காரர்கள் சாதாரண நாளிலேயே முறைத்தண்ணீருக்குச் சண்டை போடுகிறார்கள். பாசனத்துக்காகக் கட்டிய கரையைப் போக்குவரத்துக்குக் கொடுத்துவிட்டு அவர்களுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

தார் வேண்டும் என்று கேட்கிறவர்களும் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். அதை மறைக்க மாட்டேன். கரையை ஒட்டித் தோட்டத்து வீடுகள் தனித்தனியாகச் சிதறி இருக்கின்றன. ராத்திரியில் பாம்பு கடித்தாலோ பிரசவ வலி வந்தாலோ 108 வண்டி வீட்டு வாசல் வரை வர வேண்டும். கரும்பு வெட்டினால் டிராக்டர் வர வேண்டும். அவர்கள் கேட்பதில் தப்பே இல்லை, எங்களில் பாதிப்பேர் அந்த வீடுகளில் பிறந்தவர்கள்தான். ஆனால் அவர்களுக்குத் தேவை, தோட்டத்திலிருந்து பக்கத்து ஊர் ரோட்டுக்குப் போகும் குறுக்குத் தடம். அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர். அதற்குப் போடுங்கள் தார். அந்தக் குறுக்குத் தடங்கள் வருடக்கணக்காகக் குண்டும் குழியுமாகக் கிடக்கும்போது, கரை நெடுக லாரி ரோடு போட்டால் தோட்டத்து வீட்டுக்காரருக்குக் கிடைப்பது புழுதியும் ராத்திரித் தூக்கமின்மையும்தான். வாசலில் விளையாடும் பிள்ளையைக் கட்டிப் போட வேண்டிய நிலை வரும். கரையோரம் குடியிருக்கும் ஒரு பெரியம்மா என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ரோடு எங்களுக்கு வருதா, எங்க மேல வருதா, அதக் கேட்டுச் சொல்லு சாமி."

நானும் அதைத்தான் கேட்கிறேன்.

கரையோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் இட்டேரி என்று ஒன்று உண்டு. இரண்டு காட்டுக்கும், அதாவது இரண்டு பேரின் விளைநிலத்துக்கும், நடுவே மாட்டுவண்டி போவதற்காக விட்ட தடம். இரு பக்கமும் கள்ளி, கிளுவை, ஆவாரை, பிரண்டை படர்ந்த உயிர்வேலி. சங்ககிரி, கொங்கணாபுரம் வட்டாரத்தில் இப்படி எத்தனையோ இருந்தன. கொங்கணாபுரம் சனிக்கிழமைச் சந்தைக்கு ஆடு மாடு ஓட்டிக்கொண்டு போனதெல்லாம் இட்டேரி வழியாகத்தான் என்று எங்கள் அப்பா சொல்வார். கவுதாரி, காடை, கீரி, உடும்பு எல்லாவற்றுக்கும் அந்த வேலிதான் வீடு. இன்றைக்குப் பொக்லைன் வைத்து ஒரே காலையில் வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போட்டு, தடத்தையும் காட்டோடு சேர்த்து உழுதுவிடுகிறார்கள். ஒரு காடு கைமாறும்போது ஒரு முழம், அடுத்த கையில் இன்னொரு முழம். சில இட்டேரிகள் நடுவில் மறைந்து இரு பக்கமும் முட்டுச் சந்தாக நிற்கின்றன. வருவாய்த் துறைப் பதிவேட்டில் அவை இன்னும் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்றே இருக்கின்றன, புல வரைபடத்தில் கோடு இருக்கிறது. தரையில்தான் காணோம். ஏரிகளுக்காவது 2007-இல் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் வந்தது. இட்டேரியைப் பற்றிப் பேச ஆளே இல்லை.

கரைத் தடமும் இட்டேரியும் ஏரிக்கரைகளும் ஒன்றோடு ஒன்று சேர்ந்து கிடப்பவை. மேட்டூர் உபரிநீரைச் சரபங்கா வடிநிலத்தில் 100 ஏரிகளுக்குக் கொண்டு போக 565 கோடி ரூபாயில் திட்டம் போட்டார்கள். தண்ணீர் வந்த ஏரிகளின் கரை இப்போது பறவைகளோடு உயிர் பெற்றிருக்கிறது. அந்த ஏரிக்கரையிலிருந்து ஓர் இட்டேரி, அதிலிருந்து வாய்க்கால் கரை, அங்கிருந்து காவிரி என்று கோர்த்தால் பெரிய ரோட்டைக் குறுக்கே கடக்கும் இடங்களைத் தவிர வேறு எங்கும் வண்டிகளோடு மோத வேண்டாம். நாங்கள் சிலர் அப்படி வழி கண்டுபிடித்துப் போகிறோம். ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு கண்ணி அறுந்துகொண்டே வருகிறது.

ஜெர்மனியின் பாஸாவ் நகரிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை டான்யூப் ஆற்றோரமாக 300 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதை இருக்கிறது. ஒரு காலத்தில் ஆற்றை எதிர்த்துப் படகுகளைக் குதிரை கட்டி இழுத்துப் போன கரைத் தடம்தான் அதில் பெரும்பகுதி. படகுக்கு இயந்திரம் வந்ததும் தடம் சும்மா கிடந்தது. அதை லாரிக்குக் கொடுக்காமல் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டார்கள். இன்று குடும்பம் குடும்பமாக அதில் போகிறார்கள், ஆற்றோரத்துச் சின்ன ஊர்களில் தங்கிச் சாப்பிடுகிறார்கள். நம் கரையில் அப்படி விடுதிகள் கட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. வார இறுதியில் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் கார்களால் அடைபடுவதைப் பார்த்தவனுக்கு அந்த ஆசை வராது. பூலாம்பட்டியைக் குட்டிக் கேரளா என்று சொல்லிக் கார்கள் வரத் தொடங்கியதிலிருந்து படித்துறையில் பிளாஸ்டிக் தட்டும் சேர்ந்தே வருகிறது. சைக்கிளில் வருகிறவர் ஒரு இளநீர் குடிப்பார், ஒரு டீ குடிப்பார், மதகு நிழலில் உட்கார்ந்துவிட்டுப் போவார். ஊருக்கு அந்த அளவு வருமானம் போதும்.

கவனிப்பு இல்லாமல் கரை கெட்டுக் கிடப்பதையும் சொல்லாமல் விட முடியாது. இரவில் குடிக்க வருகிறவர்கள் பாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். செருப்பில்லாமல் ஆடு மேய்க்கும் பாட்டிகளின் பாதத்தில் அது ஏறுகிறது. கோழிக்கடைக் கழிவை மூட்டை கட்டி வாய்க்காலிலேயே வீசுகிறார்கள். நாய்கள் அங்கே கூடி, காலையில் போகும் பிள்ளைகளைத் துரத்துகின்றன. சீமைக்கருவேலம் இரு பக்கமும் அடைத்து, தடம் சில இடங்களில் ஆள் அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. முள் குத்தி டியூப் மாற்றாமல் வீடு திரும்பும் நாள் குறைவு. நடுவழியில் பஞ்சர் ஆனால் மூன்று நாலு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வர வேண்டும். ஒரு பள்ளிப்பிள்ளைக்கு அன்றைக்கு முதல் இரண்டு பாடம் போயிற்று என்று அர்த்தம். புகார் கொடுத்தால், இது எங்கள் எல்லை இல்லை என்று ஓர் அலுவலகமும், நிதி இல்லை என்று இன்னோர் அலுவலகமும் சொல்கின்றன. முள் வெட்ட நிதி இல்லாத தடத்துக்குத் தார் போட நிதி எங்கிருந்து வந்தது என்று ஊரில் கேட்கிறார்கள். கேட்கத்தான் செய்வார்கள்.

ஆகவே, எங்கள் கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறேன்.

கரைத் தடத்தை லாரி போகும் இணைப்புச் சாலையாக்கும் வேலையை நிறுத்துங்கள். நிறுத்திவிட்டோம் என்று எழுத்தில் சொல்லுங்கள். நட்ட கல்லைப் பிடுங்குவதற்கு முன், அந்தத் திட்டத்தின் வரைபடத்தையும் கரையின் தாங்குதிறனைப் பற்றி உங்களிடம் இருக்கும் பரிசோதனை அறிக்கையையும் கரையோர ஊராட்சிகளின் கிராம சபையில் வையுங்கள். அப்படி ஓர் அறிக்கையே இல்லையென்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

தடத்தைக் கிராவலாகவே வைத்துப் பராமரியுங்கள். தண்ணீர் நிற்கும் டிசம்பர் 15-க்குப் பிறகு வருடம் ஒரு முறை பள்ளத்தை நிரப்பி, நடுவில் சற்று மேடாக வைத்து, தண்ணீர் தெளித்து உருட்டினால் அடுத்த வருடம் வரை தாங்கும். மழைநீர் வாய்க்கால் பக்கம் இறங்காமல் வெளிப்பக்கம் வடியும்படி பாருங்கள். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்துவிட்டு, வெளிச்சரிவின் அடியில், கரையை வேர் பிளக்காத தூரத்தில் புங்கனும் வேம்பும் வையுங்கள். உடைந்த மதகுத் தலைப்புகளை இந்த வருடத் தண்ணீர் திறப்புக்கு முன்பே சரி செய்ய வேண்டும். இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது.

பெரிய ரோடு கரையைச் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் இரும்புக் கம்பங்கள் நடுங்கள். சைக்கிளும், தலையில் சுமையோடு வருகிறவரும், ஆட்டு மந்தையும் தாராளமாக நுழைய வேண்டும். லாரி நுழையக் கூடாது. நடுக் கம்பம் பூட்டித் திறக்கும்படி இருக்கட்டும். சாவி ஒன்று உங்கள் லஸ்கரிடம், ஒன்று நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்திடம், ஒன்று அருகிலேயே இருக்கும் வீட்டில். கரும்பு வண்டிக்கும் 108-க்கும் எந்த நேரத்திலும் திறக்க ஆள் இருக்க வேண்டும். சாவி மண் லாரிக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தால் யார் பொறுப்பு என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள்.

தோட்டத்து வீடுகளுக்குப் போகும் குறுக்குத் தடங்களைக் கணக்கெடுத்து, அவற்றுக்குத் தார் போடுங்கள். கரைக்கு ஒதுக்கிய பணத்தை அதற்குத் திருப்ப முடியும் என்றால் அதைவிட நல்லது கிடையாது.

எடப்பாடி, சங்ககிரி வட்டங்களில் இருக்கும் வண்டிப்பாதைப் புறம்போக்குகளைப் புல வரைபடத்தோடு ஒப்பிட்டு அளந்து, ஊர் வாரியாகப் பட்டியலை வெளியிடுங்கள். மிச்சமிருக்கும் இட்டேரிகளின் உயிர்வேலியை வெட்ட அனுமதி தராதீர்கள். மறைந்தவற்றில், இரண்டு ஊரை இணைப்பவற்றை முதலில் மீட்டுக்கொடுங்கள்.

மெயின் ரோட்டு நெரிசல் உண்மைதான். அதைத் தீர்க்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த ரோட்டை அகலப்படுத்தும்போது இரு பக்கமும் சைக்கிளுக்கு ஒரு தடத்தைத் தடுப்போடு ஒதுக்குங்கள். பள்ளிக்கூடங்களுக்கு முன்னால் அதை முதலில் செய்யுங்கள்.

கடைசியாக, ஆகஸ்ட் 1-க்கு முன்பு ஒரு நாள் கரைக்கு வாருங்கள். ஜீப்பை விட்டுவிட்டுச் சைக்கிளில் வாருங்கள்; சைக்கிள் இல்லாதவர்களுக்கு நாங்கள் கொண்டு வருகிறோம். பள்ளிக்கூடம் போகிற நேரத்துக்கு வந்தால் யாரெல்லாம் அந்தத் தடத்தில் போகிறார்கள் என்று நேரில் தெரியும். உடைந்த மதகுகளையும் சரிந்த வளைவுகளையும் ஒவ்வொன்றாகக் காட்டுகிறோம். நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்துக்காரர்களும் தோட்டத்து வீட்டுக்காரர்களும் உடன் வருவார்கள். தேதியை ஒரு வாரம் முன்னதாக ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எடப்பாடியிலிருந்து,
வாய்க்கால் கரையில் சைக்கிள் ஓட்டும் ஒரு விசைத்தறித் தொழிலாளி